ஜேசி வைரஸ் ‘இல்லை’ என்று வந்த முதல் ரிப்போர்ட்: சிறுநீரக மாற்று நோயாளியின் நிகழ்வு ஆய்வு

ஜேசி என்பது எதிர்ப்புச் சக்தி குறையும்போது மூளையின் வெண்பொருளைக் கெடுக்கும் வைரஸ். இது ஒரே நோயாளியின் பதிவு அல்ல. வடசென்னையில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைப் பார்க்கும்போது திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரு நபரில் கோர்த்து, பயிற்சி மருத்துவர்களுக்காக எழுதியது. எண்கள் அனைத்தும் நடைமுறையில் வரக்கூடியவை.

வந்தபோது

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதும் 46 வயது ஆண். 5 ஆண்டுகளுக்கு முன் அவருடைய அம்மா கொடுத்த சிறுநீரகம் பொருத்தப்பட்டது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசலோன் மூன்றையும் தவறாமல் எடுத்து வருகிறார். 11 மாதங்களுக்கு முன் மாற்று உறுப்பை உடல் நிராகரிக்கத் தொடங்கியதால் ஸ்டீராய்டு ஊசியும், ஆன்டிபாடிக்குக் காரணமான பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் 2 டோஸும் போடப்பட்டன. இந்த ரிட்டுக்ஸிமாப் விவரம் முதல் இரண்டு சீட்டுகளிலும் இல்லை. பழைய ஃபைலைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

தொந்தரவு ஆரம்பித்து 7 வாரம். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, வாந்தி இல்லை. மனைவி சொன்னதுதான் முக்கியமான துப்பு: “இருபத்தஞ்சு கிலோ வஞ்சிரத்த ரெண்டு கிலோன்னு எழுதி வச்சிக்கிறாரு டாக்டர். எடை மெஷின பாத்துத்தான் எழுதுறாரு.” 25இல் 2 மட்டும் கண்ணில் பட்டு, வலப்பக்கத்து 5 படவே இல்லை. கூடை, ஐஸ் பெட்டி என்று வலப்பக்கம் இருப்பதில் எல்லாம் இடித்துக்கொண்டார். கண்ணாடிக் கடையில் பவர் மாற்றினார்கள்; பலனில்லை. 3ஆம் வாரம் ஒரு கிளினிக்கில் சி.டி. எடுத்து, இடது மூளையின் பின்பகுதி கறுத்திருந்ததைப் பக்கவாதம் என்று முடிவுசெய்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் தொடங்கினார்கள். 5ஆம் வாரம் வலக்கையில் பிடி தளர்ந்தது, கூட்டல் கழித்தல் தடுமாறியது, சொல்லவந்த சொல் நாக்கில் நின்றது.

பக்கவாதம் பெரும்பாலும் திடீரென வந்து உச்சத்தைத் தொட்டுவிட்டு, பிறகு நிலைக்கும் அல்லது தேறும். வாரக்கணக்கில் படிப்படியாக விரிவது வேறு நோய். அந்த சி.டி.யை மறுபடி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் கறுப்பு மூளையின் மேல்தோலான சாம்பல் பட்டையைத் தொடாமல், அதற்குக் கீழே உள்ள வெண்பொருளில் மட்டும் இருந்தது. ரத்தக்குழாய் அடைபட்டால் அந்தக் குழாயின் எல்லைக்குள் பெரும்பாலும் பட்டையும் சேர்ந்தே சாகும்.

பரிசோதனையில் முழு நினைவு இருந்தது, கழுத்து விறைக்கவில்லை. சிவப்பு மூடி போட்ட பேனாவை ஒவ்வொரு கண்ணாக மூடிக் காட்டியதில் இரண்டு கண்ணிலும் வலப்பாதிப் பார்வை இல்லை. இரண்டு நிமிடச் சோதனை இது. 7 வாரத்தில் யாரும் செய்திருக்கவில்லை. கையை நீட்டச் சொன்னால் வலது கை மெல்ல இறங்கியது.

ரத்தத்தில் லிம்ஃபோசைட் 600, சிடி4 (டி செல்) 190, சிடி19 (பி செல்) பூஜ்யம், ஐஜிஜி (ஆன்டிபாடி) டெசிலிட்டருக்கு 480 மி.கி., கிரியாட்டினின் 1.8 (வடிகட்டும் திறன் ஏறத்தாழ 46), டாக்ரோலிமஸ் காலை அளவு 7.2 நானோகிராம். எச்.ஐ.வி.க்கு ஆன்டிபாடியோடு நிறுத்தாமல் ஆர்.என்.ஏ.வும் பார்க்கப்பட்டது, இல்லை.

எந்தக் கை முடமாகியிருக்கிறது

“இம்யூனிட்டி கம்மி” என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வைரஸ் பட்டியல் போட முடியாது. எதிர்ப்புச் சக்திக்குப் பல கைகள். எது முடம் என்று கேட்டால்தான் எந்த வைரஸ் உள்ளே வரும் என்று தெரியும். எந்தச் சோதனை நம்மை ஏமாற்றும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

டி செல் குறைந்தால் உடலிலேயே தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸ்கள் எழும்: ஜேசி, சைட்டோமெகலோ, அக்கி வைரஸ், இ.பி.வி. (எப்ஸ்டீன்-பார் வைரஸ்), எச்.எச்.வி.6 (மனித ஹெர்பிஸ் வைரஸ் 6). பி செல் இல்லாமல் ஆன்டிபாடி சுரக்காதபோது வெளியிலிருந்து வருபவை நாள்பட நிற்கும்: என்டரோவைரஸ், வெஸ்ட் நைல் போன்றவை. எலும்பு மஜ்ஜை மாற்று முடிந்து 2 முதல் 6 வாரத்துக்குள் ஞாபகம் தப்பி, சோடியம் குறைந்து, டெம்போரல் மடலின் உள்பகுதி வெளுத்தால் எச்.எச்.வி.6 முதலில் நிற்கும். புற்றுநோய் மருந்து எடுக்கும் குழந்தைக்குத் தட்டம்மை பட்டுச் சில மாதம் கழித்து ஒரு பக்க முகமோ கையோ விடாமல் துடித்தால் அந்த வைரஸ் மூளையில் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் தண்டுவட நீர் சுத்தமாகவே இருக்கலாம். மூளைத் திசு எடுக்காமல் பிடிபடாமலும் போகும்.

இந்த நோயாளிக்கு இரண்டு கையும் முடம். மூன்று மருந்தால் டி செல், ரிட்டுக்ஸிமாபால் பி செல். ஆகவே ஆன்டிபாடி சோதனை எதிலும் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. வெஸ்ட் நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இரண்டையும் வழக்கமாக ஐஜிஎம் (தொற்றின் தொடக்கத்தில் சுரக்கும் ஆன்டிபாடி) வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்; ஐஜிஎம் செய்யவே ஆளில்லாத உடலில் அது வராது. அங்கே வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேட வேண்டும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: கடந்த சில மாதங்களில் இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தால் ரத்தத்தில் தெரியும் ஐஜிஜி தானம் கொடுத்தவர்களுடையது. மழைக்காலத்தில் கையில் டெங்கு ஐஜிஎம் பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு வருபவர்களிடமும் கவனம் வேண்டும். அந்த ஐஜிஎம் 2, 3 மாதம் வரை நிற்கும். இன்றைய மூளைத் தொந்தரவுக்கு அதுதான் காரணம் என்று ஆகாது.

எம்.ஆர்.ஐ. சொன்னது

வடிகட்டும் திறன் 46 என்பதால் கான்ட்ராஸ்ட் மருந்து கொடுக்கத் தடையில்லை. ஃப்ளேர், டி1, டி2, டிஃப்யூஷன், எஸ்.டபிள்யூ.ஐ., கான்ட்ராஸ்டுக்குப் பின் டி1 என்று எம்.ஆர்.ஐ. படவகைகளின் முழுத் தொகுப்பும் கேட்டு எழுதப்பட்டது. “எம்.ஆர்.ஐ. பிரெயின்” என்று மட்டும் எழுதினால் சில ஸ்கேன் மையங்களில் கான்ட்ராஸ்டும் எஸ்.டபிள்யூ.ஐ.யும் விட்டுப்போகும்.

இடது பரைட்டல், ஆக்ஸிபிட்டல் மடல்களின் வெண்பொருளில் டி2விலும் ஃப்ளேரிலும் வெளுத்த பகுதி. சாம்பல் பட்டைக்கு நேர் கீழே ஓடும் யூ வடிவ நரம்பிழைகள் வரை போய், பட்டையின் மடிப்புகளை அப்படியே ஒட்டி வளைந்த வெளி விளிம்பு. மூளைக்குள் நோக்கிய விளிம்பு மங்கல். டி1இல் அது நன்றாகக் கறுத்திருந்தது. இத்தனை பெரிய புண் நடுக்கோட்டை ஒரு மில்லிமீட்டர்கூடத் தள்ளவில்லை, கான்ட்ராஸ்டும் ஏறவில்லை. டிஃப்யூஷன் படத்தில் விளிம்பில் மட்டும் வெளிச்சக் கோடு. வைரஸ் இப்போது செல்லைத் தின்றுகொண்டிருக்கும் வரம்பு அது. பெரிய புண்ணைச் சுற்றி டி2இல் உப்புக்கல் சிதறியதுபோலப் பொட்டுப் பொட்டாகச் சில புள்ளிகள். எஸ்.டபிள்யூ.ஐ.யில் பட்டையை ஒட்டிக் கறுப்பு நாடா.

இந்தக் கூட்டு ஜேசி வைரஸால் மூளையின் வெண்பொருள் படிப்படியாக அழியும் பி.எம்.எல். நோயைத்தான் முதலில் சுட்டும். இந்த நோய் 1958இல் விவரிக்கப்பட்டது. வைரஸைப் பிரித்தெடுத்தது 1971இல். பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உடலில் இந்த வைரஸ் எந்தத் தொந்தரவும் தராமல் சிறுநீரகத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கிறது. டி செல் காவல் போனால் அதன் மரபணு வரிசையில் ஒழுங்குபடுத்தும் பகுதி மாறி, நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறையைச் செய்யும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகளைக் கொல்லும். அழற்சி செல்கள் வந்து சண்டை போடாததால்தான் வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சிறுமூளையில் வந்தால் டென்டேட் கருவை விட்டுவிட்டுச் சுற்றி வளைந்து வெளுக்கும். கதிரியக்க நிபுணர்கள் அதை ‘இறால் அடையாளம்’ என்பார்கள். காசிமேட்டுக்காரர் படத்தில் சிறுமூளை சுத்தம்.

மற்றவை ஏன் பின்னுக்குப் போயின? டாக்ரோலிமஸே வெண்பொருளை வெளுக்க வைக்கும். ஆனால் அது பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்து, ரத்த அழுத்தமும் தலைவலியும் வலிப்புமாக நாள் கணக்கில் வரும். காசநோய்க் கட்டியும் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் வளையமாகக் கான்ட்ராஸ்ட் ஏற்றிச் சுற்றிலும் நீர் கோக்கும். சைட்டோமெகலோ என்றால் மூளை அறைகளின் சுவர் ஒளிரும். அக்கி வைரஸ் ரத்தக்குழாயைக் கெடுத்துச் சிறு சிறு அடைப்புகளாகக் காட்டும். தோலில் கொப்புளமே வராமலும் அது நடக்கும், அதில் பி.சி.ஆரைவிட (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) தண்டுவட நீரின் ஐஜிஜிதான் அதிகம் பிடிக்கும். (இந்த நோயாளிக்கு அந்த ஐஜிஜியும் கைகொடுக்காது.) இ.பி.வி. சார்ந்த லிம்ஃபோமா பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் ஏற்றும்.

இந்த இடத்தில்தான் இரண்டு அவசர முடிவுகள் கெடுதல் செய்யும். வடசென்னையில் மூளையில் எதைப் பார்த்தாலும் டிபி என்று நினைப்பது நியாயமான பழக்கம், ஆனால் ஆதாரம் இல்லாமல் மருந்து தொடங்கினால் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸைக் கல்லீரலில் கரைத்துத் தள்ளிவிடும். சில நாளில் மருந்தளவு சரிந்து சிறுநீரகம் போகும். இரண்டாவது, “எதற்கும் இருக்கட்டும்” என்று டெக்ஸாமெத்தசோன் போடுவது. பி.எம்.எல். என்றால் இருக்கும் கொஞ்சம் காவலும் போகும். லிம்ஃபோமா என்றால் திசு எடுப்பதற்குள் கட்டி சுருங்கி, பயாப்ஸியில் ஒன்றும் தெரியாது. வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் போடுவதும் டாக்ரோலிமஸைக் குறைக்கும். இவருக்கு வலிப்பு வரவில்லை. வந்திருந்தால் லெவெட்டிராசெட்டாம், அதுவும் சிறுநீரகத்துக்கு ஏற்பக் குறைத்து.

ஹெர்பிஸ் வைரஸ் மருந்தான அசைக்ளோவிர் தொடங்கவில்லை. காய்ச்சலோ நினைவுக் குழப்பமோ டெம்போரல் மடலில் மாற்றமோ இருந்தால் தண்டுவட நீருக்குக்கூடக் காத்திருக்காமல் எடைக்குக் கிலோவுக்கு 10 மி.கி. தொடங்க வேண்டும், இவருடைய சிறுநீரகத்துக்கு 8 மணிக்கொரு முறை என்பது 12 மணிக்கொரு முறையாக மாறும், ஒவ்வொரு டோஸும் ஒரு மணி நேரம் மெதுவாக ஏற வேண்டும், உடலில் நீர்ச்சத்து குறையக் கூடாது. இல்லாவிட்டால் மருந்தே படிகமாகி மாற்றுச் சிறுநீரகத்தை அடைக்கும்.

தண்டுவட நீர்

பக்கவாதம் என்று கொடுத்த, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் இங்கே குறுக்கே வந்து நின்றது. ஆஸ்பிரின் மட்டும் என்றால் ஊசி குத்தத் தடையில்லை. குளோபிடோக்ரெலை நிறுத்தி 5 முதல் 7 நாள் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக் கால் விழும் ஆபத்து. நோய் மெல்ல நகர்வது என்பதால் 6 நாள் காத்திருந்தார்கள். அந்த 6 நாளில் வலக்கை இன்னும் ஒரு படி இறங்கியது.

பெரியவருக்கு மொத்தத் தண்டுவட நீர் 150 மில்லி அளவில். நாளுக்குச் சுமார் 500 மில்லி ஊறுகிறது. 20 மில்லி எடுத்தால் ஒரு மணி நேரத்தில் திரும்ப ஊறிவிடும். நடுக்கோடு தள்ளாதவரிடம் 15 முதல் 20 மில்லி எடுக்கத் தயங்க வேண்டாம். 3 மில்லி எடுத்துக்கொண்டு 10 சோதனைக்கு எழுதுவதுதான் பெரும்பாலான ‘நெகட்டிவ்’களின் பிறப்பிடம். முதல் முறை இங்கேயும் அப்படித்தான் ஆனது: எடுத்தது 7 மில்லி. செல் எண்ணிக்கை, புரதம், சர்க்கரைக்கு முதலில் போனது. பிறகு சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுச் சோதனை), கல்ச்சர், கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையின் ஆன்டிஜென், ஹெர்பிஸ் தொகுப்பு. ஜேசிக்கு மிஞ்சியது ஒரு மில்லிக்கும் குறைவு.

முடிவு: அழுத்தம் 14 செ.மீ., செல் 3, புரதம் 58, சர்க்கரை 64 (ரத்தத்தில் 118). சிபிநாட், கிரிப்டோகாக்கஸ், எச்.எஸ்.வி. (ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்), அக்கி, சி.எம்.வி. (சைட்டோமெகலோ), இ.பி.வி. எதுவும் இல்லை. ஜேசி வைரஸ் டி.என்.ஏ.: “கண்டறியப்படவில்லை”.

நீர் இப்படி ஏறக்குறையச் சுத்தமாக இருப்பது பி.எம்.எல்.லுக்கு எதிரான சாட்சி அல்ல. அந்த நோயில் வழக்கமே இதுதான். 2013இல் அமெரிக்க நரம்பியல் கழகம் வகுத்த வரைமுறைப்படி அறிகுறியும் படமும் பொருந்தி, பி.சி.ஆர். நெகட்டிவ் என்றால் ‘சாத்தியமான பி.எம்.எல்.’. பி.சி.ஆரும் பாசிட்டிவ் ஆனால் ‘உறுதியானது’. நெகட்டிவால் நோய் பட்டியலைவிட்டுப் போவதில்லை, கீழ்ப்படியில் நிற்கிறது.

லேபைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்கப்பட்டது: எத்தனை மில்லியிலிருந்து டி.என்.ஏ. பிரித்தீர்கள், எத்தனை மைக்ரோலிட்டரில் கரைத்தீர்கள், அதில் எவ்வளவு ஒரு குழாய்க்குப் போட்டீர்கள்? விடை: 200 மைக்ரோலிட்டரிலிருந்து பிரித்து, 50இல் கரைத்து, 5 போட்டோம். சோதனையின் கீழெல்லை மில்லிக்கு 500 பிரதி. ரிப்போர்ட்டில் இது அச்சாகவில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீரில் மில்லிக்கு 50 வைரஸ் பிரதி இருக்கிறது என்று வைப்போம். 200 மைக்ரோலிட்டரில் 10. ஒன்றுகூட வீணாகாமல் பிரித்தாலும், பத்தில் ஒரு பங்குதான் குழாய்க்குப் போகிறது: சராசரி 1 பிரதி. சராசரி ஒன்று என்றால் 37 சதவீத முறை குழாயில் ஒன்றுமே விழாது. பிரிக்கும்போது பாதி வீணானால் சராசரி அரை; 61 சதவீத முறை வெறும் குழாய். அதே நீரை ஒரு மில்லி எடுத்துப் பிரித்தால், பாதி வீணானாலும் குழாய்க்குச் சராசரி 2.5, வெறும் குழாய் 8 சதவீதம்தான். மெஷின் ஒன்றே, வேதிப்பொருள் ஒன்றே. கொடுத்த நீரின் அளவு மட்டும் மாறியது.

ரத்தத்திலோ சிறுநீரிலோ ஜேசி பார்த்து இந்த ஓட்டையை அடைக்க முடியாது. சிறுநீரில் நோயில்லாதவர்களுக்கும் வெளியேறும். ரத்தத்தில் இருப்பதும் இல்லாததும் மூளையைப் பற்றிச் சொல்லாது.

இரண்டாம் முறை

14 நாள் கழித்து மறுபடி. 18 மில்லி, 4 குழாய். ஊசி குத்தும்போது கசியும் ரத்தம் முதல் குழாயில்தான் அதிகம். ரத்தத்தின் ஹீமோகுளோபின் பி.சி.ஆரைத் தடுக்கும், ரத்தத்திலிருந்த வைரஸும் உள்ளே வரும். அதனால் முதல் குழாய் புரதம், சர்க்கரைக்கு. 2ஆவதும் 3ஆவதும் வைரஸுக்கும் டிபிக்கும். கடைசிக் குழாய் செல் எண்ணிக்கைக்கு. ஹெப்பாரின் போட்ட குழாய் எக்காரணத்துக்கும் கூடாது, அதுவும் பி.சி.ஆரைக் கொல்லும். 3 மில்லியை 1 மில்லியாகப் பிரித்து மைனஸ் 80இல் வைத்தார்கள். நாளை வேறு கேள்வி வந்தால் மறுபடி குத்த வேண்டாம். வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரித் தானே பனி உருக்கும் ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து உருகி மரபணு சிதையும். ஏப்ரல், மே வெயிலில் பைக்கில் போகும் சாம்பிளுக்கு ஐஸ் ஜெல் பெட்டி, குழாயும் ஐஸும் நேரே ஒட்டாதபடி நடுவில் துணி, கிளம்பிய நேரமும் சேர்ந்த நேரமும் எழுதிய சீட்டு.

ஒரு மில்லி பிரித்துச் செய்யும் வேறு லேபில் கீழெல்லை மில்லிக்கு 20. விடை: 110 பிரதி. மூன்று குழாயில் மூன்றும் பாசிட்டிவ், நீர் மட்டும் வைத்த கட்டுப்பாட்டுக் குழாய் சுத்தம். குறைந்த எண்ணிக்கை வரும்போது இந்தக் கடைசி வரியைக் கேட்டு வாங்க வேண்டும். லேபில் முந்தின சாம்பிளின் தூசி ஒட்டினாலும் 110 வரும்.

பாசிட்டிவையும் கேள்வி கேட்க வேண்டிய வைரஸ் இன்னொன்று எச்.எச்.வி.6. நூறில் ஒருவர் அளவில் அதன் மரபணு பிறவியிலேயே குரோமோசோமில் பதிந்திருக்கும். அவர்கள் செல்லை எங்கே எடுத்தாலும் பி.சி.ஆர். பாசிட்டிவ்தான். முழு ரத்தத்தில் மில்லிக்கு 3 லட்சத்துக்கு மேல் நிலையாக நின்றால் அதைச் சந்தேகிக்கலாம். தானம் கொடுத்தவருக்கு அது இருந்தால் மாற்று உறுப்பு வழியாகவும் வரும்.

இரண்டாவதும் நெகட்டிவ் ஆகியிருந்தால் அடுத்த படி புண்ணின் விளிம்பிலிருந்து ஊசியால் மூளைத் திசு. அதில் அடிக்கடி நடக்கும் தவறு, எடுத்த துணுக்குகள் எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடுவது. பாதியை ஃபார்மலினிலும் மீதியை உப்புநீரில் நனைத்த துணியிலும் வைக்க வேண்டும். கல்ச்சரும் நல்ல பி.சி.ஆரும் அந்த மீதியில்தான். குழாயிலும் “ஜேசி, எச்.எஸ்.வி., டிபி, லிம்ஃபோமா” என்று கேள்வியை எழுதி அனுப்பினால் நோய்க்கூறு நிபுணர் ஒலிகோடென்ட்ரோசைட்டின் வீங்கிய கருவையும், ஜேசியிலும் ஒட்டும் எஸ்.வி.40 ஆன்டிபாடி சாயத்தையும் தேடிப் பார்ப்பார்.

பிறகு

ஜேசிக்கு நிரூபிக்கப்பட்ட வைரஸ் மருந்து இல்லை. சிடோஃபோவிர், சைட்டராபின், மெஃப்லோகுயின் மூன்றும் சோதிக்கப்பட்டுப் பயனில்லை என்று ஆனவை. செய்ய முடிந்தது காவலைத் திரும்ப எழுப்புவது. மைகோஃபினோலேட் நிறுத்தம், டாக்ரோலிமஸ் 3 முதல் 4 நானோகிராமுக்கு இறக்கம், பிரெட்னிசலோன் 5 மி.கி. தொடர்ச்சி. வாரம் இருமுறை கிரியாட்டினின். ஆஸ்பிரினும் நின்றது, பக்கவாதமே இல்லையே. சிறுநீரகம் போகலாம், டயாலிசிஸுக்குத் திரும்ப நேரலாம் என்பதை அம்மாவையும் மனைவியையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார்கள். கொடுத்த உறுப்பு போய்விடுமோ என்ற அம்மாவின் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்லப்பட்டது.

மருந்தைக் குறைத்த 6ஆம் வாரம் வலக்கை திடீரென இன்னும் தளர்ந்து தலைவலியும் வந்தது. எம்.ஆர்.ஐ.யில் முதன்முறையாகப் புண்ணின் விளிம்பு கான்ட்ராஸ்ட் ஏற்றி லேசாக வீங்கியிருந்தது. இது நோய் முற்றியதல்ல, திரும்பி வந்த டி செல்கள் வைரஸோடு மோதும் அழற்சி. படம் பார்க்காமல் மோசமாகிவிட்டது என்று மருந்தை மாற்றியிருந்தால் தவறான திசையில் போயிருக்கும். வீக்கம் நடுக்கோட்டைத் தள்ளாததால் கவனித்துக் காத்திருந்தார்கள். தள்ளியிருந்தால் இந்தக் கட்டத்தில் மட்டும் ஸ்டீராய்டுக்கு இடமுண்டு.

6 மாதத்தில் தண்டுவட நீரில் ஜேசி இல்லை. இம்முறையும் ஒரு மில்லியில் பார்த்தது. கிரியாட்டினின் 2.1இல் நிற்கிறது. கைப்பிடி பெருமளவு திரும்பியது. வலப்பாதிப் பார்வை திரும்பவில்லை, இனித் திரும்பாது. கணக்கு நோட்டைக் குறுக்கே திருப்பி, எண்களை மேலிருந்து கீழாகப் படிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். எடை மெஷினை அவருடைய இடப்பக்கம் மாற்றி வைத்திருக்கிறார் மனைவி.